ஒரே சாக்கெட், மூன்று தலைமுறைகள்: பழைய மேசைக் கணினிக்குப் பொருந்தும் மாற்றுச் செயலியைத் தேடும் முறை

2000-ஆம் ஆண்டை ஒட்டி வாங்கிய மேசைக் கணினி ஒன்று பரணிலிருந்து இறங்கி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியைக் கழற்றிப் பார்த்தால், செயலி அமரும், பக்கவாட்டில் சிறு நெம்புகோல் வைத்த வெள்ளை சாக்கெட் ஒன்றும், அதன் மேல் செயலியின் சூட்டை வெளியேற்றும் தூசியடைந்த உலோக ஹீட்சிங்க்கும் தெரிகின்றன. அந்தச் சாக்கெட்டின் விளிம்பில் 370 என்ற எண் இருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது. இன்டெல் நிறுவனம் 1999-இன் தொடக்கத்தில் செலரான் செயலிகளுக்காகக் கொண்டுவந்த இந்தச் சாக்கெட்டில், 2001 முடிவதற்குள் மூன்று வெவ்வேறு வகைச் செயலிகள் வந்து அமர்ந்துவிட்டன. மூன்றுமே அந்தத் துளைகளில் தடையின்றி இறங்கும். ஆனால் மூன்றும் எல்லாத் தாய்ப்பலகைகளிலும் இயங்குவதில்லை. இந்த வேலையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, இறங்கினால் இயங்கிவிடும் என்று நம்பியதால் வீணாவதுதான். ஆகவே, தேடலைச் செயலியிலிருந்து தொடங்காமல் தாய்ப்பலகையிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்பாக, பழைய செயலி உண்மையிலேயே பழுதாகிவிட்டதா என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது. அந்தக் காலத்துக் கணினிகளில் செயலி தானாகச் செயலிழப்பது அரிது. திரையில் ஒன்றும் வராத கணினியில் நினைவகத்தை, அதாவது ரேம் பட்டைகளை, முழுவதுமாகக் கழற்றிவிட்டு, உள் ஸ்பீக்கரின் வயர் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மின்சாரம் கொடுங்கள். ஸ்பீக்கர் "பீப் பீப்" என்று முறையிட்டால் செயலி உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஏனென்றால் ரேம் இல்லை என்பதைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் பயாஸ் (கணினியை இயக்கியவுடன் முதலில் ஓடும், பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல்) கட்டளைகளை நிறைவேற்றுவதே செயலிதான். ஒலியே வரவில்லை என்றாலும் உடனே செயலியின் மேல் பழி போட வேண்டாம். சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்து கிடக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் தயாரான பலகைகள் பலவற்றில் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் இடம்பெற்றிருந்தன. அவற்றை மாற்றாமல் செயலியை மட்டும் மாற்றுவது வீண் வேலை. பயாஸ் அமைப்புகளைக் காக்கும் சிஆர் 2032 நாணய வடிவப் பேட்டரியையும் இதே சமயத்தில் புதிதாகப் போட்டுவிடலாம்.

பலகையின் அடையாளம்

தாய்ப்பலகையின் பெயரும் மாதிரி எண்ணும் பெரும்பாலும் கூடுதல் அட்டைகளைச் செருகும் பிசிஐ துளைவரிசைகளுக்கு நடுவிலோ, பலகையின் ஓரத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். மாதிரி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது. அதன் அருகிலேயே சிறிய எழுத்தில் இருக்கும் திருத்தப் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் வந்த பலகையின் முதல் பதிப்பு ஒரு செயலியை ஏற்காமலும், அடுத்த பதிப்பு அதையே ஏற்றுக்கொண்டும் இருப்பதற்கு இந்தச் சாக்கெட்டில் எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. கணினி இன்னும் இயங்குகிறது என்றால், இயக்கியவுடன் வரும் முதல் திரையில் "பாஸ்" (Pause) விசையை அழுத்தி நிறுத்தி, திரையின் அடியில் ஓடும் நீண்ட எழுத்து-எண் வரிசையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் அச்சிடப்படாத பலகைகளை அடையாளம் காண இந்த வரிசையே பெரும்பாலும் உதவுகிறது.

அடுத்தது சிப்செட், அதாவது செயலியை ரேம், வரைகலை அட்டை போன்ற பிற உறுப்புகளோடு இணைக்கும் சில்லுத் தொகுதி. பலகையின் நடுவில், சில சமயம் பச்சை நிறச் சிறு ஹீட்சிங்குக்கு அடியில் இருக்கும் பெரிய சில்லின் மேல் அதன் எண் இருக்கும். 82443பிஎக்ஸ் என்றிருந்தால் அது இன்டெல் 440பிஎக்ஸ். 82810, 82815 என்றிருந்தால் முறையே 810, 815 குடும்பங்கள். வியா நிறுவனத்தின் பெயரும் 694 என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் அப்பல்லோ ப்ரோ வரிசை. இந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு பலகையின் கையேட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். தயாரித்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும், அதன் பழைய இணையப் பக்கங்கள் பல வேபேக் மெஷின் காப்பகத்தில் கிடைக்கின்றன. தி ரெட்ரோ வெப் என்ற தளத்தில் பலகைகளின் படங்கள், கையேடுகள், பயாஸ் கோப்புகள் ஆகியவை தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. கையேட்டில் "ஆதரிக்கப்படும் செயலிகள்" என்ற பட்டியல் இருந்தால், அதைவிட நம்பத்தக்க சான்று வேறில்லை. எனினும், கையேடு அச்சான பிறகு வந்த பயாஸ் பதிப்புகள் அந்தப் பட்டியலை நீட்டித்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று குடும்பங்கள்

முதலாவது, மென்டோசினோ என்ற உட்பெயர் கொண்ட செலரான். சாக்கெட் 370-க்கு 300 முதல் 533 மெகாஹெர்ட்ஸ் வரை வந்தது. பஸ் வேகம், அதாவது செயலியும் சிப்செட்டும் தகவல் பரிமாறிக்கொள்ளும் தடத்தின் வேகம், 66 மெகாஹெர்ட்ஸ்; மைய மின்னழுத்தம் 2.0 வோல்ட். மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு பெரிய சதுர உலோகத் தகடு தெரியும். இரண்டாவது, 1999 அக்டோபரில் வந்த காப்பர்மைன். பென்டியம் 3 என்றும், பாதி கேஷ் நினைவகத்துடன் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய அதிவேக நினைவகம்) செலரான் என்றும் இரு பெயர்களில் விற்பனையானது. இதன் மின்னழுத்தம் பதிப்பைப் பொறுத்து 1.5 முதல் 1.75 வோல்ட் வரை மாறும். பச்சைப் பலகையின் நடுவில், நகக்கண் அளவில், நீலம் பாய்ந்த சிலிக்கன் சில்லு திறந்தபடியே நிற்கும். மூன்றாவது, 2001-இல் வந்த டுவாலட்டின். சில்லின் மேல் உலோக மூடி உண்டு. காப்பர்மைனின் கடைசிப் பதிப்புகள் சிலவற்றுக்கும் இதே மூடி போடப்பட்டதால், மூடியைப் பார்த்தவுடன் டுவாலட்டின் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இவற்றுக்குள் வேறுபாடு வேகத்தில் மட்டுமாக இருந்திருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் மென்டோசினோவிலிருந்து காப்பர்மைனுக்கு வந்தபோது செயலியின் அடியில் உள்ள சில ஊசிகளின் பணியே மாற்றப்பட்டது; பலகையில் செயலிக்கு மின்சாரம் தரும் மின்னழுத்தச் சீராக்கியும் 1.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. ஆகவே மென்டோசினோவுக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்ட பலகையில் காப்பர்மைனைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். டுவாலட்டினுக்கு வந்தபோது, செயலியும் சிப்செட்டும் பேசிக்கொள்ளும் சமிக்ஞை மின்னழுத்தமே 1.5 வோல்ட்டிலிருந்து 1.25 வோல்ட்டாகக் குறைந்தது. இதனால் 815 சிப்செட்டின் பிந்தைய பதிப்பு, வியா 694டி போன்ற, டுவாலட்டினை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பலகைகளில் மட்டுமே அது நேரடியாக இயங்குகிறது. இடையில் செருகும் மாற்றுச் சாக்கெட்டுகள் அன்று விற்பனையில் இருந்தன. இன்று அவை சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டதால், அவற்றை நம்பித் திட்டமிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையேடு எதுவும் கிடைக்காதவர்கள் பலகை எந்தக் குடும்பத்துக்கானது என்பதை எப்படி அறிவது? மின்னழுத்தச் சீராக்கி எந்தத் தர விவரத்தைப் பின்பற்றுகிறது என்பது நல்ல தடயம். விஆர்எம் (இந்தச் சீராக்கிகளுக்கான இன்டெலின் தர விவரம்) 8.4 என்றால் காப்பர்மைன் வரை, விஆர்எம் 8.5 என்றால் டுவாலட்டினுக்கும் என்று பொதுவாகக் கொள்ளலாம். சீராக்கிச் சில்லின் மேல் இருக்கும் எண்ணைக் கொண்டு அதன் தகவல் தாளைத் தேடினால், அது எவ்வளவு குறைந்த மின்னழுத்தம் வரை தரும் என்பது தெரிந்துவிடும். ஆயினும் இது தடயம் மட்டுமே. சீராக்கி சரியாக இருந்தும் ஊசி இணைப்புகள் பழைய முறையில் இருப்பதற்கு இடமுண்டு.

ஓர் எழுத்து செய்யும் வேலை

பழைய பொருள் விற்பவர்கள் "செலரான் 533" என்று மட்டும் சொல்லி விலை பேசுவார்கள். அங்கேதான் கவனம் தேவை. செலரான் 533 என்பது மென்டோசினோ. செலரான் 533ஏ என்பது காப்பர்மைன். வேகமும் பஸ்ஸும் ஒன்றே. மின்னழுத்தமும் ஊசிப் பணிகளும் வேறு. அதேபோல, 1 ஜிகாஹெர்ட்ஸ் செலரான் காப்பர்மைனிலும் உண்டு, டுவாலட்டினிலும் உண்டு. பின்னதற்கு ஏ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. 1.1 ஜிகாஹெர்ட்ஸ் செலரானுக்கும் இதே கதைதான். பென்டியம் 3-இல் ஈ என்ற எழுத்து காப்பர்மைனையும், பி என்ற எழுத்து 133 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸையும் குறிக்கும். ஆகவே 600ஈபி என்பது 133 பஸ்ஸில் ஓடும் காப்பர்மைன். குழப்பம் வரக்கூடிய வேகங்களுக்கு மட்டுமே இந்த எழுத்துகள் சேர்க்கப்பட்டன என்பதால், எழுத்து இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

விற்பவரின் வாய்ச்சொல்லை விடச் செயலியின் மேல் இருக்கும் அச்சே சான்று. காப்பர்மைன் பென்டியம் 3 ஒன்றைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், 1000/256/133/1.75வி என்பது போன்ற வரி தெரியும். முதல் எண் மெகாஹெர்ட்ஸில் வேகம், இரண்டாவது கிலோபைட்டில் கேஷ் அளவு, மூன்றாவது பஸ் வேகம், நான்காவது மின்னழுத்தம். நமக்கு வேண்டிய பொருத்தத் தகவலில் பாதிக்கு மேல் இந்த ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. அடுத்த வரியில் எஸ்எல் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும். இதற்கு எஸ்-ஸ்பெக் என்று பெயர். மேற்சொன்ன செயலியின் பதிப்புகளில் ஒன்றுக்கு அது எஸ்எல்52ஆர். இந்தக் குறியீட்டை இணையத்தில் தேடினால் குடும்பம், பதிப்பு, வெப்ப வரம்பு ஆகிய யாவும் கிடைக்கும். இணையத்தில் வாங்குபவர்கள் அந்த வரி தெளிவாகத் தெரியும்படி படம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பஸ் வேகக் கணக்கு

அந்தக் காலத்து இன்டெல் செயலிகளின் பெருக்கெண் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டுவிட்டது. செயலியின் வேகம் என்பது பஸ் வேகத்தை அந்தப் பெருக்கெண்ணால் பெருக்கி வரும் தொகைதான். மேலே பார்த்த 1000/133 செயலியின் பெருக்கெண் ஏழரை. 133 பஸ் தரும் பலகையில் அது 1000. 100 மட்டுமே தரும் பலகையில் 750. நான் முதன்முதலில் ஒரு 440பிஎக்ஸ் பலகைக்கு ஆசையோடு 1 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வாங்கிப் போட்டபோது, திரையில் 750 என்று வந்ததைப் பார்த்துச் செயலி போலியோ என்று ஒரு மாலை முழுவதும் ஐயப்பட்டுக்கொண்டிருந்தேன். பிழை செயலியில் இல்லை. நான் மூன்றாவது எண்ணைப் படிக்காமல் வாங்கியதில் இருந்தது.

440பிஎக்ஸ் அதிகாரபூர்வமாக 66, 100 ஆகிய இரு பஸ் வேகங்களையே ஏற்கும். அதையும் மீறி 133-இல் ஓட்டுவதற்குப் பல பலகைகளில் அமைப்பு உண்டு. ஆனால் அந்தச் சிப்செட்டில் ஏஜிபி (வரைகலை அட்டைக்கான இணைப்பு) வேகத்துக்கு உள்ள பகுப்பு பஸ் வேகத்தின் மூன்றில் இரண்டோடு நின்றுவிடுவதால், 66-இல் ஓட வேண்டிய ஏஜிபி அட்டை கிட்டத்தட்ட 89 மெகாஹெர்ட்ஸில் ஓட நேரிடும். சில வரைகலை அட்டைகள் தாங்கும், சில தாங்காமல் திரையில் கோடு கோடாகக் காட்டும். எனவே பிஎக்ஸ் பலகை வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை, பலகை காப்பர்மைனை ஏற்பதாக இருந்தால், 100 பஸ் கொண்ட பென்டியம் 3 850 ஆகும். 1100 மெகாஹெர்ட்ஸ் செலரானும் 100 பஸ்ஸில் ஓடும். எண் பெரியது என்றாலும் கேஷ் பாதிதான் என்பதால், இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் 850-ஐத்தான் எடுப்பேன்.

440எல்எக்ஸ், 440ஈஎக்ஸ் போன்ற 66 மட்டுமே தரும் சிப்செட்டுகளில் நிலைமை இன்னும் குறுகலானது. காப்பர்மைன் செலரான்கள் 766 வரை 66 பஸ்ஸிலும், 800 முதல் 100 பஸ்ஸிலும் வந்தன. ஆகவே 66 பலகையில் 800-ஐப் போட்டால் 533 தான் கிடைக்கும். 766-ஐப் போட்டால் முழு 766-ம் கிடைக்கும். சிறிய எண் பெரிய வேகம் தரும் விந்தை இந்த இடத்தில் நிகழ்கிறது. பலகை மென்டோசினோவை மட்டுமே ஏற்கும் என்றால் 533 தான் உச்சம். 466 வைத்திருப்பவர் அதற்காக மெனக்கெடுவதில் பயன் அதிகம் இல்லை.

133 பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ரேம் பட்டைகளையும் பார்க்க வேண்டும். சிப்செட் ரேமைத் தனி வேகத்தில் ஓட்ட வழி தராவிட்டால், பிசி100 பட்டைகள் திணறும், பிசி133 தேவைப்படும். 810 சிப்செட்டில் 133 பஸ் கிடையாது, 810ஈ-யில் உண்டு.

இன்டெல் அல்லாத ஒரு வழியும் உண்டு. வியா நிறுவனத்தின் சி3 செயலிகள் இதே சாக்கெட்டுக்கு வந்தவை; மிகக் குறைவாகவே சூடாகும், கணக்கீட்டில் மெதுவானவை. அவற்றின் பெருக்கெண்ணை மென்பொருளாலேயே மாற்றலாம் என்பதால், மிக வேகமான கணினியில் தறிகெட்டு ஓடும் பழைய டாஸ் விளையாட்டுகளுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் பயாஸ் அவற்றை அறிந்திருக்க வேண்டும்.

பயாஸைப் புதுப்பித்தல்

புதிய செயலிக்குப் புதிய பயாஸ் தேவை என்று பட்டியல் சொன்னால், பழைய செயலி இருக்கும்போதே அதைச் செய்து முடித்துவிட வேண்டும். செயலியை மாற்றிய பிறகு திரையே வராவிட்டால் புதுப்பிக்க வழி இருக்காது. அந்தப் பலகையின் அதே திருத்தப் பதிப்புக்கு உரிய கோப்பை எடுத்து, டாஸ் துவக்க ஃபிளாப்பியில் ஏற்றி, முதலில் பழைய பயாஸை ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டுப் பிறகு புதியதை எழுதுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பலகை ஊமையாகிவிடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் மின்தடை அறிவிக்கப்பட்ட நாளன்று இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கேட்டுப் பார்ப்பதோடு, பழைய கணினிகளை மொத்தமாக எடுக்கும் பழைய இரும்புக் கடைகளிலும் விசாரித்துப் பார்க்கலாம். அங்கே செயலிகள் ஒன்றோடொன்று உரசும்படி பையில் கொட்டி வைக்கப்பட்டிருக்கும். வாங்குவதற்கு முன் செயலியைக் கண்மட்டத்தில் பிடித்து, ஊசி வரிசைகளை இரு திசைகளிலும் பாருங்கள். வரிசை நேராக இருந்தால் அவற்றுக்கிடையே ஒளி சீராக ஊடுருவும்; வளைந்த ஊசி உடனே கண்ணில் படும். சற்றே வளைந்ததை, ஈயக்குச்சி எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் நுழைத்து மெதுவாக நிமிர்த்தலாம். ஒரு முறை நிமிரும்; இரண்டாம் முறை பெரும்பாலும் முறிந்துவிடும். அடுத்து, காப்பர்மைனாக இருந்தால் சிலிக்கன் சில்லின் நான்கு மூலைகளையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு மூலை உதிர்ந்திருந்தாலும் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

பொருத்தும் வேலையில் மிகவும் தவறு நேரும் இடம் ஹீட்சிங்க். சாக்கெட்டின் ஒரு பக்கத்தில், நெம்புகோல் இருக்கும் முனையில், மேடு போன்ற பகுதி ஒன்று உண்டு. ஹீட்சிங்கின் அடியிலும் ஓர் ஓரம் மட்டும் படி போலக் குடைந்திருக்கும். அந்தப் படி இந்த மேட்டின் மேல் வர வேண்டும். திருப்பிப் போட்டால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, சில்லின் ஒரு விளிம்பில் மட்டும் ஏறி நிற்கும். அந்த நிலையில் கொக்கியை அழுத்தினால் மூலை நொறுங்கிவிடும், நொறுங்காவிட்டாலும் சில நொடிகளில் சூடேறி நின்றுவிடும். கொக்கியை மாட்ட ஸ்க்ரூடிரைவரால் அழுத்துகிறபோது அது வழுக்கிப் பலகையில் கீறுவது இன்னோர் ஆபத்து. ஒருமுறை என் கை வழுக்கியதில் சாக்கெட்டுக்கு அருகில் ஓடிய மூன்று செப்புத் தடங்கள் அறுபட்டன; அந்தப் பலகை அதன் பிறகு இயங்கவில்லை. அன்று முதல் கொக்கிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தடித்த அட்டைத் துண்டை வைத்துக்கொண்டுதான் அழுத்துகிறேன்.

தெர்மல் பேஸ்ட் அரை அரிசி அளவு போதும். சில்லு அவ்வளவு சிறியது. காப்பர்மைன்கள் 1 ஜிகாஹெர்ட்ஸ் வரை சுமார் 30 வாட்டுக்குள் அடங்கிவிடுவதால் பெரிய ஹீட்சிங்க் தேவையில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக நின்று கிடந்த மின்விசிறியை நம்பாமல் புதியதைப் போட்டுவிடுங்கள்.

பொருத்தி முடித்ததும் வன்தட்டை இணைக்காமல், ரேமும் வரைகலை அட்டையும் மட்டும் வைத்து இயக்குங்கள். முதல் திரையில் வரும் வேகம், அச்சில் படித்த வேகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குறைவாக வந்தால், பஸ் வேக ஜம்பர் (பலகையின் ஊசிகளில் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு மூடி) பழைய இடத்திலேயே இருக்கிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். பெயர் தவறாக வந்து வேகம் சரியாக இருந்தால், அது பயாஸ் பழையதாக இருப்பதன் அடையாளம். அதை ஒரு குறையாக எண்ணத் தேவையில்லை. பயாஸில் வெப்பநிலைப் பக்கம் இருந்தால் பத்து நிமிடம் திறந்து வைத்து, எண் ஏறிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு ஓடவிட்டு, பிழை இல்லை என்றால் வன்தட்டை இணைக்கலாம். விண்டோஸ் 98-க்குள் போன பிறகு, பழைய விண்டோஸ்களுக்கென்றே வந்த சிபியு-இசட் பதிப்பைக் கொண்டு குடும்பம், பதிப்பு, பஸ் மூன்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய செயலியை எறிந்துவிட வேண்டாம். ஊசிகள் புதையும்படி கறுப்பு ஆன்டி-ஸ்டேட்டிக் ஃபோமில் அதைக் குத்தி, பலகையின் மாதிரி எண், திருத்தப் பதிப்பு, பயாஸ் தேதி ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சேர்த்து, கணினிப் பெட்டிக்குள்ளேயே காலியாக இருக்கும் ஃபிளாப்பி அறையில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை திரை கறுக்கும்போது முதலில் தேவைப்படுவது அதுதான்.